ஒரு வாய் விளக்கெண்ணெய்

ஏழு குன்றுகளும் ஒரு கடலும் சூழ்ந்த சுடர்மங்கலம் என்னும் நாட்டில் விளக்குகள் அணைவதே கிடையாது. எண்ணெய் வற்றினாலும் அணையாது, காற்றடித்தாலும் அணையாது, பூனை தட்டிவிட்டாலும் அணையாது. மலையேறும். "விளக்கு மலையேறிடுச்சு" என்று நம் வீடுகளிலும் சொல்கிறவர்கள் உண்டு. மங்கலமான பொருளைப் பற்றி அமங்கலமாக ஒரு சொல் எதற்கு என்கிற எண்ணம்தான். சுடர்மங்கலத்தார் ஒருபடி மேலே போய் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

சட்டம் வந்த கதை சின்னது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அரசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறியவர் விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லித் தொலைத்தார். அந்த வாரமே அரசர் காலமானார். அன்று அவர் பதினாறு நண்டுகள் சாப்பிட்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டத்துக்கு வந்த மகன், விளக்கைக் குறித்து அந்தச் சொல்லைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் வாய் நிறைய விளக்கெண்ணெய் ஊற்றப்படும் என்று கல்லில் வெட்டி வைத்தார். பிறகு அரசர்கள் போனார்கள், மக்களாட்சி வந்தது, கல் மட்டும் நீதிமன்ற வாசலில் அப்படியே நின்றது. தண்டனை பெற ஒருவரும் வரவில்லை. ஆனாலும் தண்டனைக்கென்று ஆண்டுக்கு இருபது குடம் விளக்கெண்ணெய் வாங்கும் ஒதுக்கீடு ஒருமுறைகூடத் தவறவில்லை. குடங்கள் நீதிமன்றத்தின் பின்கட்டில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

இந்த நாட்டில் அஞ்சுகம் என்றொரு பெண் தலைமை விளக்குக் கணக்கராக இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் தெருத்தெருவாக நடந்து வாசல் விளக்குகளை எண்ணி, 'சுடர்பவை' இத்தனை, 'மலையேறியவை' இத்தனை என்று எழுதுவது அவள் வேலை. மற்றத் தெருக்களின் எண்ணிக்கையையும் கூட்டி, அரண்மனைக்கு ஒரு படியும் பொன்துறைக்கு ஒரு படியும் அனுப்புவாள். கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. ஏழாம் மாதம். அவள் கணவன் காசிலிங்கம் துறைமுகத்தில் எண்ணெய்க் குடம் இறக்குபவன். பிள்ளை பிறக்கும்வரை நடப்பதைக் குறைத்துக்கொள் என்று தினமும் கெஞ்சுவான். அவள் கேட்கிற ரகமில்லை.

பொன்துறை என்பது கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நகரம். எல்லா நாடுகளின் கடன் பத்திரங்களும் அங்கேதான் கூவி விற்கப்பட்டன. எந்த நாட்டை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்ல அங்கே மூன்று மதிப்பர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒரு நாட்டுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தால் பணம் வந்து கொட்டும். ஒன்றைப் பிடுங்கினால் அந்த நாட்டின் அமைச்சர்களுக்குத் தூக்கம் போய்விடும். சுடர்மங்கலத்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. மூன்றாவதுக்காக அந்நாடு என்னவெல்லாமோ செய்து பார்த்தது. குன்றுகள் முழுக்க நின்று விளக்குக்கு எண்ணெய் தந்த புன்னைத் தோப்புகளை, 'உறங்கும் செல்வம்' என்று மதிப்பர்கள் சொன்னதைக் கேட்டு, வெட்டி மரமாக விற்றது. விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டிய எண்ணெய் கப்பலில் வந்தால் மலிவு என்றார்கள். சில ஆண்டுகள் மலிவாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு தை மாதத்தில், யாரோ இரண்டு அரசர்கள் யாருடையதோ ஒரு நீரிணைக்காகச் சண்டை பிடித்தார்கள். எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. பொன்துறையில் நாளைய எண்ணெயையும் அதற்கு மறுநாளின் எண்ணெயையும் இன்றைக்கே கூவி விற்றதில் விலை நான்கு மடங்காயிற்று. கப்பல்கள் நின்றாலும் கணக்குகளைச் சுமக்கும் புறாக்கள் மட்டும் நிற்கவில்லை. காசிலிங்கத்துக்கு வேலை போயிற்று.

விளக்குகள் ஒவ்வொன்றாக இருண்டன. அஞ்சுகம் சட்டப்படி எழுதினாள்: மலையேறியவை முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் ஆயிரத்து நாற்பது. வாரக் கடைசியில் ஒன்பதாயிரம்.

பொன்துறையில் இந்தக் கணக்கை மொழிபெயர்த்தவர் ஓரின் என்பவர். சுடர்மங்கலத்து மொழியைப் பதினொரு மாதத்தில் அகராதியை மட்டும் வைத்துக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரர். அவர் 'மலை' என்ற சொல்லையும் 'ஏறு' என்ற சொல்லையும் தேடிப் பார்த்து, ஒன்பதாயிரம் விளக்குகள் மலையளவு உயர்ந்துவிட்டன என்று எழுதிக் கொடுத்தார். உலகமே எண்ணெய்க்கு அல்லாடும்போது ஒரு சின்ன நாட்டின் விளக்குகள் உயர்கின்றனவா? மதிப்பர்கள் மூவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். மூன்றாவது நட்சத்திரம் அன்றைக்கே புறாவில் ஏறியது.

சுடர்மங்கலத்தில் மேளம் அடித்தார்கள். நாட்டை ஆண்டவருக்குப் பெருஞ்சுடர் என்று பட்டம். அதிவீரர் என்று பெயர். அவர் மாடத்தில் வந்து நின்று, முந்தைய ஆட்சிகளில் இத்தனை விளக்குகள் மலையேறியதுண்டா என்று கேட்டார். இருட்டில் நின்ற கூட்டம், உண்மையைச் சொல்வதானால் இல்லை என்று ஒத்துக்கொண்டது. பொன்துறைப் பணம் வெள்ளமாக வந்தது. அதில் எவ்வளவு எண்ணெய் வாங்க முடியும் என்று பார்த்தால், பணம் வந்த வேகத்தில் எண்ணெய் விலையும் ஏறியிருந்தது.

நட்சத்திரத்தோடு வந்த ஓலையைப் படித்ததும் அஞ்சுகத்துக்கு விஷயம் விளங்கியது. தான் எழுதிய ஒரு சொல்லால் கடலுக்கு அப்பால் இவ்வளவு கூத்தா? மறுநாள் காலையில் நேரே நிதியமைச்சர் வரதநம்பியிடம் போனாள். அவர் நாலு ஆட்சிகளாக அதே நாற்காலியில் இருப்பவர். நிதி தேர்தலுக்கு அப்பாற்பட்டது என்பது அவர் கொள்கை.

"ஐயா, மலையேறுதுன்னா ஒசந்துபோச்சுன்னு அர்த்தமில்லீங்க. வீடு இருட்டாக் கெடக்குன்னு அர்த்தம். அவங்களுக்கு எழுதிச் சொல்லணும்" என்றாள்.

அமைச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மணி, பொருளாதாரத்தில் இருட்டு என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தாங்கள் எண்ணுங்கள். பொருள் கொள்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அந்த வாரமே முதல் ஆணை வந்தது. நாட்டின் உயர்வு இத்தோடு நின்றுவிடக்கூடாது என்பதால், நாளொன்றுக்கு இரண்டாயிரம் விளக்குகள் கட்டாயம் மலையேற வேண்டும் என்றது ஆணை. விளக்கை வாயால் ஊதுவது பாவம், பூவால் ஒற்றித்தான் மலையேற்ற வேண்டும் என்பது சுடர்மங்கலத்தின் வழக்கம். ஆகவே பூக்காவல் படை என்று ஒன்று அமைக்கப்பட்டது. இடுப்பில் ஒரு குடலை, குடலையில் மல்லிகை, மாதச் சம்பளம். வேலையில்லாத நாலாயிரம் பேருக்கு ஒரே நாளில் வேலை. காசிலிங்கமும் சேர்ந்தான். பிள்ளை பிறக்கப்போகிறது, வேறென்ன செய்வான்? பொழுது சாய்ந்ததும் அவன் முன்னால் போய் விளக்குகளை ஒற்றிக்கொண்டே போவான். அஞ்சுகம் பின்னால் எண்ணிக்கொண்டே வருவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது ஆணை, இப்படி மிச்சமாகும் எண்ணெயைப் பற்றியது. அதை ஊரெங்குமிருந்து திரட்டி, நாளைய எண்ணெயாகப் பொன்துறைக்கு விற்றார் வரதநம்பி. நீரிணை மூடியிருந்ததால் எண்ணெய் எங்கும் போகவில்லை. அரண்மனைக் கிடங்கிலேயே, 'பொன்துறைக்குச் சொந்தம்' என்று முத்திரையிட்டு வைக்கப்பட்டது. மக்கள் கிடங்குச் சுவரை ஒட்டி நடந்து போகும்போது வாசனை பிடித்துக்கொண்டு போனார்கள். அவலை ஊறவைத்துத் தின்றார்கள். அடுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் குதூகலித்தார்கள்.

மூன்றாவது ஆணைதான் அஞ்சுகத்தை நேராகத் தொட்டது. எண்ணெய்ப் பங்கீட்டு அலுவலகத்திலிருந்து வந்த அந்த ஓலை இப்படிச் சொன்னது: மலையேறிய விளக்குகள் மேலான இடத்தை அடைந்துவிட்டபடியால் அவற்றுக்குக் கீழே எண்ணெய் வழங்குவது முறையாகாது. ஊரின் ஒரே பேறுகால மனையின் நாலு விளக்குகளும் முந்திய நாள்தான் எண்ணெய் இல்லாமல் இருண்டிருந்தன. அவற்றை மலையேறியவை என்ற பத்தியில் எழுதியதே அவள் கைதான்.

பேறுகால மனையை நடத்தியவள் மருத்துவச்சி பேச்சிமுத்து. ஐயாயிரம் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். வாய் கொஞ்சம் நீளம். ஓலை வந்த மூன்றாம் நாள், கருக்கலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று. பிள்ளை நன்றாகத்தான் பிறந்தது. தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாய் நனைந்திருப்பதைப் பேச்சிமுத்து கையால் தடவிப் பார்த்து உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அஞ்சுகம் செய்தியைக் கேட்டுத் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அப்போது எட்டு மாதம் நிறைந்திருந்தது.

பேச்சிமுத்து அழவில்லை. மறுநாள் பங்கீட்டு அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"விளக்கு அணைஞ்சுபோச்சுய்யா" என்றாள். "மலையேறல, குளிரல, ஒண்ணும் பண்ணல. அணைஞ்சுபோச்சு. அந்த இருட்டுலதான் புள்ள பெத்தவ செத்தா."

நூற்றெழுபது ஆண்டுகளில் பொது இடத்தில் அந்தச் சொல் கேட்பது அதுவே முதல் தடவை. எழுத்தர் ஒருவர் மயங்கி விழுந்தார். காவலர்கள் பேச்சிமுத்துவை நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனார்கள். நீதியரசர் ஆலவாயர் வழக்கைக் கேட்டு, கல்லில் வெட்டியதைப் படித்து, தண்டனையை நிறைவேற்றச் சொன்னார். பின்கட்டிலிருந்து ஒரு குடத்தை இறக்கி, நூலாம்படையைத் துடைத்து, பேச்சிமுத்துவின் வாய் நிறைய விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். அவள் அதை விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, நீதியரசரைக் கும்பிட்டுவிட்டு, விடுவிடுவென்று நடந்து பேறுகால மனைக்கு வந்து, விளக்கில் உமிழ்ந்து, திரியை நனைத்து ஏற்றினாள். விளக்கு நின்று சுடர்ந்தது.

அரசு வழக்கறிஞர் மூச்சிரைக்க ஓடிவந்து, குற்றவாளி தண்டனையை விழுங்காமல் எடுத்துப் போய்விட்டாள் என்று முறையிட்டார். நீதியரசர் எழுந்து வாசலுக்கே போய்க் கல்லை இன்னொரு முறை படித்தார்.

"ஊற்றப்படும் என்றுதான் இருக்கிறது. ஊற்றியாயிற்று. விழுங்குவதும் விழுங்காததும் குற்றவாளியின் சொந்த விவகாரம். அதில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை" என்றார்.

செய்தி ஊரைச் சுற்றி வர ஒரு நாழிகைகூட ஆகவில்லை. மறுநாள் காலையில் நீதிமன்ற வாசலில் அறுபது பேர் நின்றார்கள். அதற்கு அடுத்த நாள் ஆறாயிரம் பேர். வாழ்நாளில் எறும்பைக்கூட மிதிக்காதவர்கள், குளித்துத் தலைவாரி, குடும்பத்தோடு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வேலம்மா வீட்டு விளக்கு அணைந்துபோனது, செங்குட்டுவர் வீட்டு விளக்கு அணைந்துபோனது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, ஊழியர்கள் அகப்பையும் கையுமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். வாய் அகலமானவர்களுக்கு மவுசு கூடிப்போயிற்று. மக்கள் சட்டத்தை இவ்வளவு மதித்து இதுவரை பார்த்ததில்லை என்று ஆலவாயர் மனம் நெகிழ்ந்து குறிப்பு எழுதினார். தெருவெல்லாம் உப்பிய கன்னங்கள்! யாரும் யாரோடும் பேச முடியாமல், கண்ணாலேயே சிரித்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையே தேர்தல் வந்துவிட்டது. சுடர்மங்கலத்தில் வாக்குச் சீட்டு கிடையாது. தேர்தல் நாளன்று பொழுது சாயும்போது, ஆட்சி தொடரலாம் என்பவர்கள் வாசலில் விளக்கேற்றுவார்கள். போதும் என்பவர்கள் ஏற்றாமல் விடுவார்கள். அதுவரை பெருஞ்சுடருக்குத் தன் ஆட்சியில் ஊரே இருண்டு கிடப்பது உறுத்தவில்லை. தேர்தல் என்றதும் உறுத்தியது. அவசரமாக ஆலோசனை நடந்தது. விளக்கு மலையேறுவது அது அடையக்கூடிய மேலான நிலை என்பதால், இருண்ட வாசலே முழு ஆதரவாகக் கொள்ளப்படும், சுடரும் வாசல் எதிர்ப்பாகக் கொள்ளப்படும் என்று விதியைத் திருத்தினார்கள். எண்ணெய் இல்லாத நாட்டில் எதிர்ப்பே இருக்க முடியாது என்று வரதநம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். நீதிமன்றத்துப் பின்கட்டு அவர் கணக்கில் இல்லை.

எதிர்க்கட்சித் தலைவர் தென்றலாரும் ஊர் ஊராகப் பேசினார். பூக்காவல் படை மல்லிகையால் விளக்கை மலையேற்றுவது பண்பாட்டுக்கு விரோதம் என்றும், தாம் வந்தால் சம்பங்கியால் மலையேற்றப்படும் என்றும் வாக்களித்தார். கூட்டம் கைதட்டியது. வாயில் எண்ணெய் இருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

தேர்தல் நாள் பிற்பகலில் அஞ்சுகமும் நீதிமன்றத்துக்குப் போனாள். பேறுகால மனையில் முந்திய நாள் எண்ணெய் தீர்ந்திருந்தது. அவளுக்குக் காலையிலிருந்தே இடுப்பு விட்டுவிட்டு வலித்தது. இன்றைக்கு அங்கே விளக்கு வேண்டும். இல்லையென்றால் பாயை யாராவது கையால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். வரிசையில் நின்ற ஆயிரம் பேரும் அவள் வயிற்றைப் பார்த்து வழிவிட்டார்கள். அரசு ஊழியரே வந்து நிற்பதைப் பார்த்து ஆலவாயர் தயங்கினார். அஞ்சுகம் தயங்கவில்லை.

"நான் எழுதின அத்தனை விளக்கும் அணைஞ்ச விளக்குதான் ஐயா" என்றாள். வாயைத் திறந்தாள். ஊழியர் அகப்பை தளும்ப ஊற்றினார்.

நீதிமன்றத்திலிருந்து பேறுகால மனைக்கு நாலு தெரு. முதல் தெருவைத் தாண்டுவதற்குள் வலி எடுத்தது. இதுவரை வந்த வலி இல்லை இது. தொடையிலிருந்து நெஞ்சுவரை முறுக்கிப் பிழிந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் எண்ணெய் கொட்டிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி, மூக்கால் மூச்சுவிட்டாள். இரண்டாவது தெருவில் காசிலிங்கம் மல்லிகைக் குடலையோடு எதிரே வந்தான். என்னவாயிற்று, வலியா, எங்கே போகிறாய் என்று பதறிப்போய்க் கேட்டான். அவள் உப்பிய கன்னத்தைச் சுட்டிக் காட்டினாள். வயிற்றைச் சுட்டிக் காட்டினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. குடலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூவியபடி முன்னால் ஓடினான். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். பின்னாலேயே ஓடிவந்தார்கள். மூன்றாவது தெருவில் பனிக்குடம் உடைந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பேச்சிமுத்து வாசலிலேயே விளக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அஞ்சுகம் அதில் உமிழ்ந்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட அலறல் துறைமுகம்வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

"எத்தன சொட்டு உள்ள போச்சு?" என்று பேச்சிமுத்து கேட்டாள். அஞ்சுகம் மூன்று விரலைக் காட்டினாள்.

"அதான் இந்த அவசரம். படு தாயி."

பொழுது சாய்ந்தது. வெளியே ஒவ்வொரு வாசலாகச் சுடர்விட்டது. விளக்கு இல்லாதவர்கள் கொட்டாங்குச்சியில் ஏற்றினார்கள். நெய்க் கிண்ணத்தில் ஏற்றினார்கள். மூன்று மாதம் இருண்டு கிடந்த ஊர், குன்றுகளின் அடிவரை சுடர்ந்தது. பூக்காவலர்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். ஊரே தெருவில் இறங்கி ஆரவாரித்த அந்த நேரத்தில், வாக்கு விளக்குக்கும் பிரசவ விளக்குக்கும் வித்தியாசம் இல்லாத அந்த வெளிச்சத்தில், அஞ்சுகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரத்தம் எவ்வளவு போகிறது என்று பேச்சிமுத்து நன்றாகப் பார்த்தாள். அளவாகத்தான் போயிற்று. அஞ்சுகம் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

மறுநாள் காலையில், மற்றக் கணக்கர்கள் எண்ணிக் கொண்டுவந்ததைப் பாயில் படுத்தபடியே கூட்டிப் போட்டு அனுப்பினாள். சுடர்பவை: நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. மலையேறியவை: சுழியம்.

அதிவீரர் தோற்றுப் போனார். ஆனால் அதைக் கொண்டாட ஊருக்கு அரை நாள்கூடக் கிடைக்கவில்லை. சுழியத்தைப் பார்த்த ஓரின், நாட்டில் உயர்வு அடியோடு நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். மதிப்பர்கள் மூன்று நட்சத்திரங்களையும் ஒரே மூச்சில் பிடுங்கினார்கள். வந்த பணமெல்லாம் வந்த வழியே ஓடியது. அரிசி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பதவியேற்ற மூன்றாம் நாளே புதிய பெருஞ்சுடர் தென்றலாருக்கு முகம் வெளுத்தது. நிதியமைச்சரைக் கூப்பிட்டார். வரதநம்பிதான் வந்தார். நாடு பிழைக்க வேண்டுமானால் விளக்குகள் உடனே மலையேற வேண்டும் என்றார். பூக்காவல் படை மீண்டும் புறப்பட்டது, இந்த முறை சம்பங்கியோடு. மக்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை எதிர்த்து நான்கே நாளில் எப்படிக் கூவுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நீதிமன்றத்துக் குடங்களும் காலியாகியிருந்தன.

கணக்கு அஞ்சுகத்திடம் வந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருமுறை தண்டனை பெற்றவள், இனி யாருக்குப் பயம்? இந்த முறையாவது பொன்துறைக்கு உண்மை தெரியட்டும் என்று, பத்திகளை அடித்துவிட்டு, ஒரே வரி எழுதினாள்: "ஆட்சியாளர்கள் நாற்பத்தோராயிரம் விளக்குகளையும் அணைத்தார்கள்."

ஓரின் அந்தச் சொல்லை இதற்கு முன் பார்த்ததில்லை. அகராதியைத் திறந்தார். அணைத்தல்: தழுவுதல், மார்போடு சேர்த்துக்கொள்ளுதல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புதிய ஆட்சியாளர்கள் தம் மக்களின் விளக்குகள் ஒவ்வொன்றையும் ஆரத் தழுவிக்கொண்டார்கள் என்று எழுதினார். மக்களோடு இத்தனை நெருக்கமான ஆட்சியை மதிப்பர்களும் கண்டதில்லை. இந்த முறை நாலு நட்சத்திரங்கள்.

வரதநம்பி பேறுகால மனைக்கே நேரில் வந்தார். குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பை கொண்டுவந்திருந்தார்.

"தங்களின் ஒரு சொல்லால் நாடு பிழைத்தது, அம்மணி. அந்தச் சொல்லுக்கு இன்றுமுதல் தடை இல்லை. நாள்தோறும் அதையே எழுதுங்கள்" என்றார்.

"தெனமும் எத அணைக்கிறது? எரிஞ்சாத்தானே" என்று அஞ்சுகம் கேட்டாள்.

அதற்கும் வழி கண்டிருப்பதாக அமைச்சர் பெருமிதத்தோடு சொன்னார். கிடங்கில் இருக்கும் பொன்துறையின் எண்ணெயைப் பொன்துறையிடம் கடன் வாங்கியே திரும்ப வாங்கி, வீட்டுக்கு ஒரு கரண்டி வீதம் தினமும் வழங்கப்போகிறார்கள். பொழுது சாயும்போது எல்லாரும் விளக்கேற்ற வேண்டும். ஏற்றியவுடன் படை வந்து அணைத்துவிடும். கரண்டி எண்ணெயும் வட்டியும் பிறந்த குழந்தைகள்வரை எல்லார் பேரிலும் பற்று எழுதப்படும் என்றும் சொல்லி, கிலுகிலுப்பையை ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

புதிய முறையின் முதல் நாள். பேறுகால மனைக்கும் ஒரு கரண்டி எண்ணெய் வந்தது. பேச்சிமுத்து, அஞ்சுகம் வாயில் கொண்டுவந்ததில் மிச்சம் பிடித்து வைத்திருந்த விளக்கெண்ணெயையும் அதோடு சேர்த்து ஊற்றி, உள்ளே ஏற்றி வைத்தாள். அங்கே பூக்காரர் மகள் ஒருத்தி முதல் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் விளக்குகள் வரிசையாகச் சுடர்ந்தன, வரிசையாக இருண்டன. கடைசியில் இந்த வாசலுக்கு வந்து நின்ற பூக்காவலன் காசிலிங்கம். கையில் ஒரு சம்பங்கி. அவனுக்குப் பின்னால் மேலதிகாரி நின்றார். காசிலிங்கம் உள்ளே பார்த்தான். விளக்கைப் பார்த்தான். பாயில் கிடந்தவளைப் பார்த்தான். குழந்தையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தான்.

"என்னலே பாக்கே?" என்றாள் பேச்சிமுத்து. "கொண்டாந்த பூவ ஒன் பொண்டாட்டி தலையில வச்சிட்டுப் போ."

அவன் அப்படியே செய்தான். மேலதிகாரி ஏதோ கத்தினார். உள்ளிருந்து வந்த அலறலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சுகம் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு கணக்கை எடுத்தாள். எல்லாத் தெருக்களையும் தள்ளிவிட்டு, தன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினாள்: "சுடர்மங்கலம். ஒன்று. எரிகிறது." புறா பறந்தது.

பொன்துறையில் ஓரின் அகராதியைத் திறந்தார். எரிதல் என்ற சொல்லுக்கு அதில் முதல் பொருளாக என்ன போட்டிருந்தது என்று தெரியவில்லை; நாடே தீப்பற்றி எரிவதாகப் படித்தாரோ என்னவோ. மறுநாள் காலையில் மணியடிப்பதற்கு முன்பே அந்தச் சந்தையின் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு, மதிப்பர்கள் மூவரும் மூன்று திசையில் ஓடினார்கள் என்பது மட்டும் தெரியும். சுடர்மங்கலத்தில் யாருக்கும் அது தெரியாது. புறா போய்க்கொண்டிருந்த அந்த இரவில், அங்கே ஒரு விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை தலைகாட்டிக்கொண்டிருந்தது.